பொழுது சாய்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள்

போன செவ்வாய்க்கிழமை என் மகள் பிரபாவோடு ஒரு மனநல டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன்.

மனநல டாக்டரா என்று புருவத்தைத் தூக்குகிறவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். ராசிபலன் கடைசியில் இருக்கிறது. மற்றவர்கள் என்னோடு வாருங்கள்.

பிரபாவுக்கு ஐம்பது வயது முடிந்துவிட்டது. ஒரு வங்கியில் மேனேஜர். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவளிடம் ஒரு குறையும் தெரியாது. வீட்டுக்குள் கதை வேறு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மெயில் பார்க்க உட்கார்ந்தாள் என்றால் பால் கரியாகி, பாத்திரம் கருகி, பக்கத்து ஃப்ளாட்காரர் வந்து பெல் அடிக்க வேண்டும். கரண்ட் பில் கட்டப் பணம் இருக்கும், கட்ட மறந்துவிடுவாள். அப்புறம் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, 'எல்லாராலயும் முடியறது என்னால ஏன் முடியலை' என்று அழுவாள். கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்திதான், டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்களேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

டாக்டரும் பெண்தான். சின்ன வயது. டெஸ்ட் எல்லாம் முன்னாடியே முடிந்திருந்தது. காகிதங்களை ஓரமாக வைத்துவிட்டு, "மேடம், உங்களுக்கு இருக்கறது ஏ.டி.ஹெச்.டி." என்றார்.

கவனக் குறைபாடு என்று அதற்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"இது சின்னப் பையன்களுக்கு வர்றதில்லையா டாக்டர்?" என்று கேட்டாள் பிரபா.

"பொண்ணுங்களுக்கும் இருக்கு. பையன்கள்ல நிறைய பேர் பெஞ்ச் மேல ஏறிக் குதிப்பாங்க. டீச்சருக்கு உடனே தெரிஞ்சிடும். பொண்ணுங்கள்ல பல பேர் ஜன்னலைப் பார்த்துக்கிட்டுப் பேசாம உட்கார்ந்திருப்பாங்க. ஓட்டமெல்லாம் உள்ளேதான். அதனால யாரும் கண்டுக்கறதில்லை. முதல்ல வீட்ல திட்டுவாங்க. அப்புறம் இவங்களே தங்களைத் திட்டிக்க ஆரம்பிச்சிடுவாங்க."

பிரபாவின் கண் நிறைந்துவிட்டது. டாக்டர் டிஷ்யூவை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்: "குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா? இது குடும்பத்துல தொடர்ந்து வர்றதுண்டு."

நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் நான் டாக்டருடைய பேனா ஸ்டாண்டைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, அதன் அடியில் லூஸாக இருந்த திருகை நகத்தால் முடுக்கிக்கொண்டிருந்தேன். பேனாக்கள் என் மடியில் கிடந்தன.

டாக்டர் சிரித்துவிட்டார். நானும்தான். வேறென்ன செய்வது?

கீழே கேன்டீனில் காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பிரபா தம்ளரைத் தொடவில்லை.

"அம்மா, என் மாமியார் வீட்டுக்கு இது தெரியவே வேணாம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து 'பொறுப்பில்லாதவ'ன்னுதான் சொல்றாங்க. இப்ப டாக்டரே சர்டிஃபிகேட் குடுத்த மாதிரி ஆயிடும்."

பொறுப்பில்லாதவள்! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. அது எனக்குச் சொந்தமான வார்த்தை. காஞ்சிபுரத்தில், இதே பிரபா இடுப்பில் இருந்தபோது, என் தலையில் கட்டப்பட்ட வார்த்தை. அரை நூற்றாண்டாக அவளிடம் சொல்லாமல் வைத்திருந்த கதையை, ஆறிப்போன காபியை வைத்துக்கொண்டு அங்கேயே சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம். என் பிறந்த வீடு முசரவாக்கம். வாக்கப்பட்டது காஞ்சிபுரம் டவுனில், தானிய வியாபாரம் செய்கிற வீட்டில். நாங்கள் தமிழ்ச் சமணர்கள், ஊரில் நயினார் வீடு என்பார்கள். என் மாமனார் வீட்டில் ஆசாரம் கொஞ்சம் கூடுதல். பொழுது சாய்ந்துவிட்டால் யாரும் ஒரு பருக்கை சாப்பிட மாட்டார்கள். விளக்கு வைத்த பிறகு அடுப்படிக்கு வேலையில்லை. கடைக்குப் போன ஆண்களும் வெயில் இருக்கும்போதே சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டாக வேண்டும்.

இன்னொன்று. எங்கள் வீட்டுக்குள் பட்டு நுழையாது. புழுவைக் கொதிநீரில் போட்டு எடுக்கிற நூல், ஆகாது. எல்லா நயினார் வீட்டிலும் இப்படி இல்லை, என் மாமனார் அப்படி. தெரு முழுக்கத் தறிச் சத்தம், நடுவில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பருத்திப் புடவை. காஞ்சிபுரத்துக்கு மருமகளாக வந்து பட்டு கட்டாமல் தாலி கட்டிக்கொண்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் சிநேகிதிகள் இன்றைக்கும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

எங்கே விட்டேன்? ஆங்… சூரியன்.

சாயங்காலச் சமையல் என் பொறுப்பு. எனக்குச் சமையல் நன்றாக வரும். வராதது நேரம். மற்றவர்களுக்கு நேரம் ஒரே சீராகப் போகிறது போலிருக்கிறது. எனக்கு அது இருக்கும், திடீரென்று இருக்காது. மாமியார் தினமும் பின்கட்டில் நின்று, "சுநந்தா, பொழுது போவுது பாரு" என்று குரல் கொடுப்பார். நான் எங்கிருந்தாலும் ஓடி வந்து இலை போடுவேன். குரல் வந்தால் போதும்.

வேடிக்கை என்னவென்றால், மாமனாரும் மறதிக்காரர்தான். போகிற கடையில் எல்லாம் குடையை விட்டுவிட்டு வருவார். மூக்குக் கண்ணாடியைத் தேடாத நாள் கிடையாது. ஆனால் அவருக்கு வீடே தேடிக் கொடுக்கும். 'அவருக்கு ஆயிரம் யோசனை' என்று மாமியார் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். எனக்கு மட்டும் அந்த ஆயிரம் யோசனை ஏன் கிடைக்கவில்லை? ஆண் மறந்தால் பெரிய மூளை, பெண் மறந்தால் பொறுப்பில்லை. இந்தக் கணக்கு இன்றைக்கும் பல வீடுகளில் அப்படியேதான் ஓடுகிறது.

ஆவணி மாதம், பர்வ நாட்கள். எங்களுக்கு விசேஷமான விரத காலம். மாமனார் ஒரே வேளைதான் சாப்பிடுவார், அதுவும் பொழுது சாய்வதற்குள். அன்றைக்குப் பார்த்து மௌன விரதமும் எடுத்திருந்தார். மறுநாள் காலை வரை வாயைத் திறக்க மாட்டார். இலையில் உட்கார்ந்தால் கேட்டு வாங்கவும் கூடாது. போட்டதைச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

நான் வேளையோடு சமைத்து முடித்துவிட்டேன். சாதம், பாசிப்பருப்பு, நெய், வாழைக்காய். எல்லாம் மூடி வைத்தாயிற்று. வெயில் நன்றாக இருந்தது. பக்கத்து வீட்டு ராஜம்மாவிடம் குழந்தையை விட்டிருந்தேன், வாங்கி வரலாம் என்று சுவருக்கு அந்தப் பக்கம் போனேன்.

ராஜம்மா வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். புருஷன் தறி நெய்கிறவர், இவள் ராட்டையில் நூல் சுற்றுவாள். அன்றைக்கு அரக்குச் சிவப்பில் ஒரு பட்டு நூல் சிட்டம், அதாவது நூல் கற்றை, முழுக்கச் சிக்கு விழுந்து பந்தாகக் கிடந்தது. ராஜம்மா கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டாள்.

"வெட்டிப் போடறத தவிர வேற வழியில்ல சுநந்தம்மா. காலைலேர்ந்து பார்த்துக்கினு இருக்கறேன், கண்ணு பூத்துப் போச்சு."

"குடு" என்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

குழந்தையை மடிக்குப் பக்கத்தில் உட்கார்த்தி, விளையாட ஒரு காலி நூல்கட்டையைக் கையில் கொடுத்தேன். நூலைப் பிடித்து இழுக்க வந்தால் கையை எடுத்து விடுவேன். ராஜம்மாவோடு பேச்சு ஒரு பக்கம். விரல் தன் பாட்டுக்கு இழை இழையாகப் பிரித்துக்கொண்டே போனது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? உலகத்தில் அந்த நூலைத் தவிர வேறொன்றும் இல்லை.

இப்போது சொல்லுங்கள், எனக்கா கவனக் குறைபாடு? கவனம் மலை போல இருக்கிறது. அதைத் திருப்புகிற லகான்தான் என் கையில் இல்லை. டாக்டரிடம் இதைச் சொன்னேன், அதேதான் மேடம் என்றார். பெயரை மட்டும் ஏன் மாற்ற மாட்டேன் என்கிறீர்கள்?

கடைசிச் சிக்கு பிரிந்து நிமிர்ந்தபோது ராஜம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

ஓடினேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, புடவை தடுக்க, ஓடினேன். கூடத்தில் மாமனார் காலி இலைக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மாமியார் தூணோரம். என் வீட்டுக்காரர் வாசற்படியில். மாமனார் மெதுவாக எழுந்து இலையை மடித்துவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலை வரை தண்ணீரும் கிடையாது. அந்த வயதில் அந்தப் பட்டினி.

காலையில் முசரவாக்கத்துக்கு ஆள் போனது. மத்தியான பஸ்ஸில் என் அப்பா வந்து இறங்கினார். மாமியார் தயாராக இருந்தார்.

"இவளக் கூட்டிக்கினு போயி ஒரு வருசம் வெச்சிக்கோங்க. பொறுப்பு வந்ததும் கொண்டாந்து உடுங்க. கொழந்த இங்கியே இருக்கட்டும்."

பிரபா அப்போதுதான் என் விரலைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாள்.

"கைக்கொழந்தைங்க… தாயை விட்டு எப்படி?" என்றார் அப்பா.

"இவ கையில உட்டா மட்டும் இன்னா ஆவும்? சோத்த மறந்தா. நாளிக்கி கொழந்தைய எங்கியாவது வெச்சிட்டு வந்து நிப்பா."

அப்பா என் பக்கம் திரும்பினார். "அத்த கால்ல விழும்மா. மன்னிப்பு கேட்டுக்கோ. எல்லாம் சரியாப் போயிடும்."

விழுவது எனக்குப் புதிதில்லை. பால் பொங்கியதற்கு விழுந்திருக்கிறேன். சாவியைத் தொலைத்ததற்கு விழுந்திருக்கிறேன். விழுந்து விழுந்து எழுந்ததில் மறதி குறையவில்லை, முழங்கால்தான் தேய்ந்தது. அன்றைக்கும் குனியத்தான் போனேன். குழந்தையை அத்தையிடம் விட்டுவிட்டுப் போகிற காட்சி கண் முன்னால் வந்ததும் அப்படியே நிமிர்ந்துவிட்டேன்.

"விழ மாட்டேன்பா" என்றேன்.

"அத்த, சோறு ஆக்கி வெச்சிருந்தேனா இல்லியா?"

"ஆக்கி வெச்சா ஆச்சா? யாரு போடறது?"

"நான் எங்க இருந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"ஏன் தெரியாது? செவுத்துக்கு அந்தாண்ட உன் பேச்சு சத்தம் கேட்டுக்கினுதானே இருந்துச்சு."

"அப்பறம் ஏன் கூப்பிடல?"

மாமியார் பட்டென்று சொன்னார்: "தெனமும் நான்தான் கூப்பிட்டுக்கினு இருக்கணுமா? ஒரு நாளாவது தானா வர்றியான்னு பார்த்தேன்."

மாமனார் தலையை உயர்த்தினார். நான் விடவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"நீங்க எப்ப வந்தீங்க?"

அவர் கீழே பார்த்தார். "வெயில் இருக்கசொல்லவே வந்துட்டேன்."

"ஒரு குரல் குடுத்தீங்களா?"

"அம்மா வேணாம்னு சொல்லிட்டாங்க."

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியாது.

"அப்ப சூரியன் போனத எல்லாரும் பார்த்துக்கினு இருந்தீங்க. மாமாவால வாயத் தொறக்க முடியாது, விரதம். வாயி இருந்த ரெண்டு பேரும் சும்மா இருந்தீங்க. சோறு அடுப்பாண்டயே இருக்குது. நான் செவுத்துக்கு அந்தாண்ட ராஜம்மா நூல்ல சிக்கு எடுத்துக்கினு இருக்கறேன். மறந்தது என் தப்பு. மாமா, உங்க பட்டினிக்கு உங்ககிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன். ஆனா தெரிஞ்சே பட்டினி போட்டது நான் இல்ல."

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். "சூரியன மறந்தேன். கொழந்தைய மறக்கல. அது என் பக்கத்துலதான் இருந்துச்சு, ராஜம்மாவக் கேளுங்க. எனக்கு நேரம் தெரியாது. இனிமேலும் தெரியாது. அடிச்சாலும் வராது. கூப்பிட்டா வருவேன். கூப்பிட முடியாதுன்னா போயிடறேன். போனா ரெண்டு பேரும்தான் போவோம்."

பக்கத்து வீட்டில் தறி நின்றுவிட்டது. ராஜம்மா சுவரில் காதை வைத்திருந்தாள் என்று பிற்பாடு அவளே சொன்னாள்.

மாமனார் என்னைப் பார்த்தார். மௌனம் கலைத்தபின் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு: "பட்டத் தொட்டியா?"

பாருங்கள் மனுஷனை! நான் இங்கே குடும்பமே போகுமோ என்று நிற்கிறேன், அவர் கவலை புழுவைப் பற்றி.

"தொட்டேன் மாமா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். வெட்டிப் போட இருந்தாங்க. அத்தினி புழு செத்தது வீணாப் போவக் கூடாதுன்னு எடுத்தேன்."

அவர் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அதுக்கு ஒரு நாள் உபவாசம் இரு" என்றார். நான் தலையாட்டினேன். அப்புறம் மாமியார் பக்கம் திரும்பினார்.

"புள்ள தாயாண்டதான் இருக்கும். யாரும் எங்கியும் போவ வேணாம். இந்தாம்மா… நீ மருமவள சோதிக்கிறதா இருந்தா வேற எதையாவது வெச்சி சோதி. என் வயித்த வெச்சி சோதிக்காத."

என்னைப் புரிந்துகொண்டு அவர் அதைச் சொன்னார் என்று நான் கதை விடப்போவதில்லை. பசித்த மனுஷன் பேசிய நியாயம் அது. ஆனால் என் குழந்தை என்னிடம் இருந்தது. எனக்கு அது போதும்.

மாமியார் என்னை மன்னிக்கவில்லை. மறுநாளிலிருந்து, வேண்டுமென்றே தெருக்கோடி வரை கேட்கும்படி, "சுநந்தா… பொழுது!" என்று கத்த ஆரம்பித்தார். என்னைத் தெருவில் அவமானப்படுத்துவதாக நினைப்பு. நான் பாட்டுக்கு "வந்துட்டேன் அத்த!" என்று அதைவிடப் பெரிதாகக் கத்திக்கொண்டு ஓடி வருவேன். கொஞ்ச நாளில் தெருவில் தறி நெய்கிறவர்கள் அந்தக் குரலை வைத்துத்தான் விளக்கேற்றினார்கள். அவர் கண்ணை மூடுகிறவரைக்கும் அந்த வீட்டில் யாரும் ஒரு வேளை பட்டினி கிடந்ததில்லை.

இதைத்தான் இப்போது டாக்டர், மாத்திரையோடு சேர்த்துப் பிரபாவுக்கு ஆலோசனையாகச் சொல்லியிருக்கிறார். நினைவை நம்பாதீர்கள், வெளியிலிருந்து கூப்பிட ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று. ஆளோ, அலாரமோ. கண் சரியாகத் தெரியாதவருக்குக் கண்ணாடி மாட்டுகிறோம், உற்றுப் பார்த்தால் தெரியும் என்று தலையில் குட்டுவதில்லை. இதற்கு மட்டும் ஏன் குட்டு?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மறக்கிறவர்கள் எல்லோருக்கும் இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். என் பத்தியைப் படித்துவிட்டு மாத்திரை வாங்கப் போகாதீர்கள். ஆனால் படிப்பில் கெட்டிக்காரியாக இருந்தும், பாதியில் விட்ட வேலைகளுக்கு நடுவே நின்று தன்னைத்தானே திட்டிக்கொள்கிற பெண் உங்கள் வீட்டில் இருந்தால், திட்டுவதற்கு முன்னால் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவளுக்கு வயது இருபதோ, எழுபதோ.

கேன்டீனில் பிரபா ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"நீ போயிருந்தா என்னை அங்கேயே வெச்சிட்டிருப்பாங்க இல்லையாம்மா?"

"வெச்சிருப்பாங்க. நீயும் நல்லாத்தான் வளர்ந்திருப்பே. உன் அம்மா பொறுப்பில்லாதவன்னு சொல்லிக்கிட்டு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதை நீ எழுதணும்மா" என்றாள்.

"உன் மாமியார் வாரா வாரம் என் பத்தியைத்தான் முதல்ல படிக்கிறாங்க. தெரியுமில்ல?"

"தெரியும். என் பேரைப் போட்டே எழுது."

போட்டுவிட்டேன்.

சம்பந்தியம்மா, வணக்கம். படித்து முடித்திருப்பீர்கள். பிரபாவைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் இனிமேல் அவளிடம் சொல்லாதீர்கள், எனக்குப் போன் போடுங்கள். நான் எடுக்க மறந்துவிட்டால்… மறுபடியும் கூப்பிடுங்கள்!